சனிக்கிழமைத் தண்டனை

இங்கிட்டு உக்காருங்கண்ணே, அந்தப் பக்கம் ஈரம். காலைல பேஞ்சது இன்னும் காயல. பையை நடுவுல வைங்க, பரவாயில்ல. மகளைத் தேடி வந்தீங்களா? நெனச்சேன். லைப்ரரிக் கண்ணாடிக் கதவுகிட்ட நின்னு எட்டி எட்டிப் பாத்துக்கிட்டு இருந்தீங்களே. அட்டை இல்லாம உள்ள விட மாட்டான்ணே. நானும் காலைல கேட்டுப் பாத்துட்டேன். கழுத்துல அட்டை தொங்கணும், இல்லேன்னா நமக்கு இந்த சிமெண்டு பெஞ்சுதான். இருங்க, அஞ்சரைக்கு எல்லாரும் வெளிய வந்துதான் ஆகணும்.

எனக்கு வீட்டுக்காரி உள்ள இருக்கா. நாகஜோதின்னு பேரு. அருப்புக்கோட்டைல ஒரு தனியார் காலேஜுல பாடம் எடுக்கறா, திங்கள்லருந்து வெள்ளி வரைக்கும். சனிக்கிழமையானா இங்க. ரெண்டு பஸ்ஸு மாறி வரணும். ஒன்பதரைக்கு உள்ள போனா அஞ்சரைக்குத்தான் வெளிய. ஆசைப்பட்டு வரலண்ணே. தண்டனை. நெசமாத்தான் சொல்றேன், யுனிவர்சிட்டி குடுத்த தண்டனை. ஒன்பது மாசமா அனுபவிக்கறா. அவ எங்க அனுபவிக்கறா, நான் அனுபவிக்கறேன். வர்ற மார்ச்சோட அவளுக்கு டைம் முடியுது. அதுக்குள்ள தீசிஸக் குடுக்கணும், இல்லேன்னா ஆறு வருஷப் பாடும் போச்சு. அந்த நேரத்துல பாத்து இப்படி ஒரு தண்டனை.

உங்க மகளும் ஆராய்ச்சியா? ஒரே ஒரு விஷயம் சொல்லி வைங்க. லைப்ரரில ஒரு பாஸ்வேர்டு குடுப்பாங்க, அதுல சாக்கிரதையா இருக்கச் சொல்லுங்க. எங்க குடும்பம் அதுலதான் மாட்டுச்சு. யாரு தப்புன்னு நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க. நான் சொன்னா என் பக்கம் பேசறேம்பாங்க.

நான் சிமெண்ட் கோடவுன்ல ஸ்டாக் பாக்கறேன். பதினாறு வருஷம் ஆச்சு. லாரி வந்து நின்னா கடைசி மூட்டை இறங்கற வரைக்கும் அந்த எடத்த விட்டு அசைய மாட்டேன். பாதிய இறக்கிட்டு மீதிய நாளைக்குப் பாப்போங்கற பேச்சே எங்கிட்ட கெடையாது. முதலாளி அதுக்குத்தான் என்னைய வச்சிருக்காரு. எதுக்குச் சொல்றேன்னா, பின்னால நடந்ததுக்கெல்லாம் என்னோட இந்தக் குணந்தான் காரணம்னு ஆகிப்போச்சு.

இவ ஆராய்ச்சி பாசியப் பத்தி. கண்மாய்ல தண்ணி மேல பச்சையாப் படருமே, அதேதான். எங்கம்மா தொட்டில பாசி புடிச்சா தேங்காநார் போட்டுத் தேச்சுக் கழுவுவாங்க. இவ அதைப் போயி பாட்டில்ல புடிச்சுக்கிட்டு வருவா. எந்தக் கண்மாய்ல எந்தப் பாசி, எந்த மாசம் எது வருது, எது வந்தா தண்ணி கெட்டுப்போச்சுன்னு அர்த்தம், இதெல்லாம் கண்டுபுடிக்கணுமாம். கல்யாணமான புதுசுல எங்கிட்ட சொல்லுவா. பக்கத்துல உக்காந்து சொல்லிக்கிட்டே இருப்பா. நானும் உம் கொட்டுவேன். அப்புறம் எப்பவோ நின்னுபோச்சு. எப்ப நின்னுச்சுன்னு எனக்கு ஞாபகம் இல்ல.

மொதல் வருஷமெல்லாம் சனிக்கிழமை ஆனா இங்க ஓடி வந்துருவா. அப்புறம் பாப்பா பொறந்துச்சு. எனக்கு மனசு கேக்கலண்ணே. கைப்புள்ளைய விட்டுட்டு வெயில்ல ரெண்டு பஸ்ஸு மாறிப் போயி, தலைவலியோட திரும்பி வரணுமா? அப்பதான் லைப்ரரிலருந்து ஒரு தாள் குடுத்தாங்க. புத்தகம், பத்திரிகை எல்லாம் இப்ப ஆன்லைன்ல இருக்கு, இங்க வரணும்னு இல்ல, வீட்டுல இருந்தபடியே அட்டை நம்பரையும் பாஸ்வேர்டையும் போட்டுப் படிக்கலாம்னு. உலகம் பூரா எழுதற ஆராய்ச்சியெல்லாம் வீட்டுக்குள்ள வந்துரும். எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. "இனிமே எதுக்கு அலையணும்? வீட்டுலயே படி"ன்னேன்.

அவ சாப்புட்டுக்கிட்டு இருந்தா. நிமுந்து பாக்கல. "வீட்டுல உக்காந்து படிக்க முடியாதுங்க"ன்னா.

"ஏன் முடியாது? நாங்க யாராச்சும் சத்தம் போடறோமா?"ன்னு கேட்டேன்.

சரின்னுட்டா. எனக்கு அதுதான் அவகிட்ட புடிச்சது, எதுத்துப் பேச மாட்டா.

ஆனா உக்காந்து படிக்கணும்ல? சனிக்கிழமை ஆனா எங்க அக்கா வீட்டுல எல்லாரும் வருவாங்க. ஆறு பேரு. அவங்களுக்குச் சமைக்கணும். பாப்பாவுக்குத் தலைக்கு ஊத்தணும். ஒரு வாரத் துணி கெடக்கும். எல்லாம் முடிச்சுட்டு லேப்டாப்பத் தொறந்தா பாப்பா மடில ஏறி உக்காந்துக்கும். இவளுக்கு அந்தக் கவனம் பத்தாதுண்ணே. அதுதான் குறை. மூணு வருஷத்துல ஒரே ஒரு சாப்டர் எழுதினா. கேட்டா, நெட்டு கெடைக்க மாட்டேங்குதும்பா. அது உண்மைதான், எங்க தெருவுல நெட்டு மோசம்.

எங்க கோடவுன்ல நல்ல லைன் இருக்கு. "பாஸ்வேர்டக் குடு, நான் இறக்கிக் கொண்டு வர்றேன்"னு சொன்னேன். ஒடனே குடுத்தாளா? "யாருக்கும் குடுக்க மாட்டேன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்கங்க"ன்னா. யாருக்கும்னா யாருண்ணே? வெளியாளுக்கு. நான் யாரு? தாலி கட்டினவன் வெளியாளா? நாலு நாளு கேட்டேன். கோவப்படல, நல்லவிதமாத்தான் கேட்டேன். நாலாம் நாளு நாள்காட்டித் தாள்ல எழுதி டிபன் பாக்ஸ் மேல வச்சுட்டா. நான் அதை மறக்காம இருக்கணும்னு கோடவுன் கம்ப்யூட்டர்ல ஒட்டி வச்சேன். அங்க வர்றவங்க எல்லாம் லாரி டிரைவரும் கொத்தனாரும். பாத்தா மட்டும் அவங்களுக்கு என்ன தெரியப் போகுது.

வாரத்துக்கு ஒரு லிஸ்ட்டு தருவா. ஆறு கட்டுரை, ஏழு கட்டுரை. நான் தேடிப் புடிச்சு பென் டிரைவுல போட்டுக்கிட்டுப் போவேன். பாத்துட்டு, "இதுல மூணு வேணாம், இதுக்குக் கடைசில ஒரு பழைய கட்டுரையச் சொல்லியிருக்கான், அது வேணும்"பா. மறுவாரம் இன்னொரு லிஸ்ட்டு. அதைக் கொண்டு போனா அதுக்குள்ளருந்து இன்னொண்ணு. மொதல்லயே எது வேணும்னு தெரிஞ்சுக்கிட்டு எழுத மாட்டாளா? கடைக்குப் போயி சாமான் வாங்கிட்டு வந்தா, உப்ப மறந்துட்டேன், திரும்பப் போம்பாங்களே, அதே கதைதான். ஆனாலும் சலிக்காம செஞ்சேண்ணே. அவளுக்காகத்தான்.

போன பொங்கலுக்குக் கோடவுனுக்கு மூணு நாள் லீவு. அப்பத்தான் எனக்குத் தோணுச்சு. எதுக்கு ஆறும் ஏழுமா? லாரியே வாசல்ல நிக்கும்போது ஒரு மூட்டை, ரெண்டு மூட்டையா இறக்குவாங்களா? ஒரேயடியா இறக்கிப்புடுவோம், அவ ஆயுசுக்கும் எங்கயும் போயி நிக்க வேணாம்னு சாவிய வாங்கிக்கிட்டுப் போயி உக்காந்தேன். உள்ள நொழைஞ்சதும் நீளமா என்னமோ எழுதியிருப்பான், கீழ சம்மதம்னு ஒரு கட்டம். அமுக்கினாத்தான் வழி விடுவான். அமுக்கினேன். ஒவ்வொண்ணா இறக்காம மொத்தமா தானா இறங்கறதுக்கு ஒரு வழி இருக்கு, வீடியோல பாத்து அதையும் போட்டுவிட்டேன்.

மொத வால்யூம்லருந்து ஆரம்பிச்சேண்ணே. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தெட்டாம் வருஷம். பாசிக்குன்னே ஒரு பத்திரிகை இருக்கு, நீங்க நம்ப மாட்டீங்க, அதை முழுசா முடிச்சேன். அப்புறம் மீன். மீனு பாசியத் திங்குதுல்ல, என்னைக்காவது கேப்பா. அப்புறம் கடலு. மாட்டுப் பொங்கலன்னிக்கு மட்டும் நாலாயிரம் இறங்குச்சு. கடைசில திமிங்கிலம் வரைக்கும் போயிட்டேன். மூணு நாள்ல பதினோராயிரத்துச் சொச்சம். வீட்டுல பொங்கல் வச்சு எனக்காகக் காத்துக்கிட்டு இருந்தாங்க, நான் போகவே இல்ல. அப்படி ஒரு வெறி.

மூணாம் நாளு வீட்டுக்குப் போயி ஹார்டு டிஸ்க்க சாமி படத்துக்கு முன்னால வச்சேன். "ஜோதி, இனிமே நீ எதையும் தேட வேணாம். எல்லாம் இதுல இருக்கு"ன்னேன். "எத்தனைங்க?"ன்னா. சொன்னேன். அவ மூஞ்சி அப்படியே வெளுத்துப்போச்சு. சந்தோஷத்துல அப்படி ஆகுதுன்னு நெனச்சேன்.

மறுநாளே ஆரம்பிச்சுருச்சு. பத்திரிகைக் கம்பெனிக்காரன் இந்த யுனிவர்சிட்டிக்கு மொத்தமாக் கதவச் சாத்திட்டான். இவ ஒருத்திக்கு இல்ல, எல்லாருக்கும். பதினெட்டு நாளு இங்க யாரும் எதையும் தொறந்து படிக்க முடியல. கெமிஸ்ட்ரில ஒரு பொண்ணு, தீசிஸ் குடுக்க இன்னும் ஒரு வாரம் இருக்கும்போது சரிபாக்க வழியில்லாம உக்காந்து அழுதுச்சாம். கேக்கச் சங்கடமாத்தான் இருக்கு. ஆனா ஒருத்தன் லோடு ஏத்தினான்னு ஊருக்கே ரோட்ட மறிச்சா அது என் தப்பா? மறிச்சவன் தப்பா? அதை யாரும் கேக்க மாட்டேங்கறாங்க.

எந்த அட்டை நம்பர்ல இறங்குச்சுன்னு பாத்து இவளைக் கூப்புட்டு விட்டாங்க. இங்க ஆன்லைன் பிரிவுக்கு ஒரு மேடம் இருக்காங்க, ஹெப்சிபா மேடம். தங்கமான குரல், ஆனா பார்வை மட்டும் ஊசி மாதிரி இருக்கும். நானும் கூட வந்தேன். என்னைய ரூமுக்கு வெளிய நிறுத்திட்டாங்க, கதவு பாதி தொறந்திருந்துச்சு. மேடம் கேட்டாங்க, "மூணு நாளு நிக்காம இறங்கியிருக்கும்மா. பொங்கல் அன்னிக்கு நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்தே?" அண்ணே, அவ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும், வீட்டுக்காரரு பண்ணிட்டாருன்னு. அவ சொல்லல. "நான்தான் மேடம் இறக்கினேன். முழுசா நான்தான்"னா. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. எந்தப் பொம்பளை இப்படி நிப்பா? மேடம் கதவு வழியா என்னைய ஒரு பார்வை பாத்தாங்க. அப்புறம் எந்திரிச்சு வந்து கதவைச் சாத்திட்டாங்க.

பத்து நிமிஷம் ரெண்டு பேரும் உள்ள. என்ன பேசினாங்கன்னு இன்னி வரைக்கும் இவ சொன்னதில்ல. வெளிய வரும்போது தாளோட வந்தாங்க. ஆறு மாசத்துக்கு வீட்டுலருந்து படிக்கற வசதி கெடையாது. படிக்கணும்னா சனிக்கிழமை சனிக்கிழமை நேர்ல வரணும், ஆன்லைன் பிரிவுல மூணாம் நம்பர் மேசை, வரும்போதும் போகும்போதும் கையெழுத்து. இறக்கினதெல்லாம் அழிக்கணும். எனக்குப் பதறிப்போச்சு. "மேடம், மூணரை வயசுப் புள்ளை இருக்கு மேடம், வேற ஏதாச்சும் தண்டனை குடுங்க"ன்னு கெஞ்சினேன். அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? "அதெல்லாம் படிக்கறதுக்குக் குடுத்திருக்கு சார், அள்ளி வைக்கறதுக்கு இல்ல. ஒரு ஆளு ஒரு நாளைக்கு எத்தனை படிக்க முடியும், பத்து? நாலாயிரம் இறங்குனா அது படிக்கற ஆளு இல்லன்னு பத்திரிகைக் கம்பெனிக்குத் தெரிஞ்சுபோகும்." நான் படிக்கற ஆளு இல்லதான்.

இவ ஒரு மறுப்புச் சொல்லணுமே? ம்ஹூம். பேனாவ வாங்கி டக்குனு கையெழுத்துப் போட்டுட்டா. அதிர்ச்சில கை தானா ஓடியிருக்கும்.

அழிக்கற வேலையும் எந்தலைலதான். ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்தேன். "உனக்கு வேணுங்கறத மட்டும் பாத்துக்க, மீதிய அழிக்கறேன்"னு சொன்னேன். மூணு பக்கம் தள்ளித் தள்ளிப் பாத்தா. "ஒரு ஆறு ஏழு தேறும். அதையும் அழிச்சுடுங்க, நான் முறையா எடுத்துக்கறேன்"னா. பதினோராயிரத்துல ஆறு ஏழு! மூணு நாளு பொங்கலு எனக்கு அதுல போச்சுண்ணே.

இன்னொரு கொடுமை கேளுங்க. புதுசா சேந்த ஆராய்ச்சி மாணவருக்கெல்லாம் ஒரு கூட்டம் போட்டு, இந்த ஆன்லைன் வசதிய எப்படிப் பயன்படுத்தணும், எது கூடாதுன்னு இவளையே பேசச் சொன்னாங்க. அன்னிக்கு நானும் கடைசி வரிசைல உக்காந்திருந்தேன். நூறு பேரு இருப்பாங்க. இவ மேடை ஏறி மைக்கப் புடிச்சா. "வேணுங்கறத மட்டும் எடுங்க. எடுத்ததைப் படிங்க. எங்கருந்து எடுத்தீங்களோ அவங்க பேரைச் சொல்லுங்க. பாஸ்வேர்டை யாருக்கும் குடுக்காதீங்க. அண்ணன் தம்பியா இருந்தாலும், கட்டினவரா இருந்தாலும் குடுக்காதீங்க. ஒரு தடவை குடுத்துட்டா அப்புறம் எது நீங்க படிச்சது, எது அவங்க படிக்க வச்சதுன்னு உங்களுக்கே தெரியாது"ன்னா. எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் தட்டினேன். கட்டினவருன்னு சொல்லியிருக்க வேணாம். எழுதிக் குடுத்ததைப் படிச்சிருப்பா. ஆனா கைல தாள் இருந்த மாதிரி தெரியல. அந்தக் குரல்ல அவ வீட்டுல ஒரு நாளும் பேசினதில்லண்ணே.

அதுலருந்து ஒன்பது மாசம். எனக்குச் சனிக்கிழமைன்னாலே ஒடம்பு வலிக்குது. கோடவுன்ல சொல்லி ஞாயித்துக்கிழமை வேலைய எடுத்துக்கிட்டு சனிக்கிழமை லீவு வாங்கியிருக்கேன். பாப்பாவுக்குத் தலைக்கு ஊத்தறது நானு. சிக்கெடுக்கறது நானு, அது கத்தற கத்துல தெருவே எட்டிப் பாக்கும். சமையல் நானு. எங்க அக்கா வீட்டுல ரெண்டு சனிக்கிழமை வந்து என் சாம்பாரச் சாப்புட்டாங்க, மூணாம் சனிக்கிழமைலருந்து வர்றதில்ல. சாயங்காலம் ஆனா எனக்கு இடுப்பு கழண்டுபோகும். ஒரு நாளுக்கே இப்படி. நம்ம வேலைல மூட்டை இறங்கிட்டா முடிஞ்சுது. வீட்டு வேலை முடியவே மாட்டேங்குதே, ஏன்ணே?

இவ மட்டும் தெளிச்சியா வந்து இறங்கறா. பஸ்ஸுல தூங்கிட்டு வருவா போல. வந்ததும் பாப்பாவ மடில போட்டுக்கிட்டுக் கண்மாய்க் கதை, பாசிக் கதை. அது நாலு வயசுல பாட்டில்ல பச்சைத் தண்ணிய வச்சுக்கிட்டு வெயில்ல காட்டிக் காட்டிப் பாக்குது. தீசிஸும் நகருதுண்ணே, அதையும் சொல்லணும். நான் கொண்டாந்து கொட்டுனப்ப மூணு வருஷத்துல ஒரு சாப்டரு. இந்த ஒன்பது மாசத்துல நாலு. தண்டனைக்குப் பயந்துக்கிட்டு எழுதறா. பயம் இருந்தாத்தான் வேலை நடக்கும்போல.

ஆடி மாசம் நான் கேட்டேன், ஆறு மாசம் ஆயிருச்சே, வீட்டுலருந்து படிக்க விட்டாங்களான்னு. "இன்னும் ஆர்டர் வரலங்க"ன்னா. ஆவணியும் போச்சு. நானே உக்காந்து ஒரு மனு எழுதினேன், மதிப்பிற்குரிய ஐயான்னு ஆரம்பிச்சு, குழந்தை நிலைமை, பஸ் நிலைமை எல்லாம் போட்டு. அவ அதை வாங்கிக்கிட்டு, நானே கொண்டு போயிக் குடுக்கறேன்னா. மூணு வாரம் கழிச்சுப் பாக்கறேன், அவ படிக்கற புத்தகத்துல அடையாளத்துக்கு மடிச்சு வச்சிருக்கா. மறதிண்ணே. அவ்வளவு களைப்பு.

அதான் இன்னிக்குப் பாப்பாவ அக்கா வீட்டுல விட்டுட்டு நானே கெளம்பி வந்தேன். மேடம் காலைப் புடிச்சாவது கேட்டுருவோம்னு. பஸ்ஸுல இவகிட்ட சொன்னேன். "வேணாங்க, நானே கேட்டுக்கறேன். தயவு செஞ்சு நீங்க போகாதீங்க"ன்னா. அதுக்கப்புறம் இங்க வர்ற வரைக்கும் ஜன்னல் பக்கமே பாத்துக்கிட்டு வந்தா. எனக்கு அலைச்சல் குடுக்கக் கூடாதுன்னு நெனக்கறா.

பதினோரு மணிக்கு அந்தப் பக்கத்து ஆபீஸ் ஜன்னல்ல போயி நின்னேன். மேடம் லீவு. கம்ப்யூட்டர் முன்னால ஒருத்தரு இருந்தாரு. பேரச் சொன்னேன். தட்டிப் பாத்தாரு. "அது ஆகஸ்ட் அஞ்சாந்தேதியே எடுத்தாச்சே சார்"ங்கறாரு. தண்டனை முடிஞ்சு மூணு மாசம் ஆகப்போகுதாம். வீட்டுலருந்தே படிக்கலாமாம். "அவங்களுக்குச் சொன்னீங்களா?"ன்னு கேட்டேன். நோட்டைத் திருப்பிக் காட்டுனாரு. பெற்றுக்கொண்டேன்னு எழுதி, கீழ கையெழுத்து. இவளோடதுதான். அந்த 'நா'வை இவ மட்டுந்தான் அப்படி வளைச்சுப் போடுவா.

படிச்சுப் பாக்காமப் போட்டிருப்பா. எனக்கு அப்படித்தான் தோணுச்சு. அவ எதையும் படிச்சுப் பாக்க மாட்டாண்ணே.

என்னண்ணே, அப்படிப் பாக்கறீங்க?

சரி. அந்த ஆளு இன்னொண்ணும் சொன்னாரு. இதை நான் உங்ககிட்ட சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். "நாங்களும் சொன்னோம் சார், இனிமே வீட்டுலருந்தே பாத்துக்கலாம், இவ்வளவு தூரம் வர வேணாம்னு. அவங்கதான், எனக்கு இங்கதான் வசதி, அந்த மேசைய மட்டும் எனக்கு விட்டு வைங்கன்னு கேட்டுக்கிட்டாங்க"ன்னாரு. என்ன வசதிண்ணே அங்க? நான் ஜன்னல் வழியாப் பாத்தேன். மர நாற்காலி. மேல ஒரு ஃபேனு, அதுவும் கடகடன்னு ஆடுது.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல அவளைப் பாத்தேன். அந்தப் பின்பக்கத்து மரத்தடில அஞ்சாறு பொம்பளைங்க வட்டமா உக்காந்து டப்பாவத் தொறந்து சாப்புட்டுக்கிட்டு இருந்தாங்க. இவ நடுவுல. கைய ஆட்டி ஆட்டி என்னமோ சொல்றா, எல்லாரும் கேக்கறாங்க. அப்புறம் சிரிச்சா பாருங்க. வாயில சோறு இருக்கு, கையால பொத்திக்கிட்டு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிக்கறா. போயி கூப்புடலாம்னுதான் போனேன். போகாம நோட்டீஸ் போர்டுக்குப் பின்னால நின்னுட்டேன். கட்டின பொண்டாட்டிய ஒளிஞ்சு நின்னு பாக்கற மாதிரி ஆயிப்போச்சு. ஏன் ஒளிஞ்சேன்னு எனக்கே தெரியல. அவளுக்கு இப்படிச் சிரிக்க வரும்ங்கறது எனக்கு மறந்தே போச்சுண்ணே.

அப்பருந்து இந்த பெஞ்சுலதான் உக்காந்திருக்கேன். யோசிச்சுக்கிட்டே இருக்கேன். நான் என்ன கொடுமைக்காரனா? ஒரு நாளு கைநீட்டியிருப்பேனா? ஒரு கெட்ட வார்த்தை? எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே, எனக்கு சனிக்கிழமை வேணும்னு. ஒரு வார்த்தை.

சொன்னாளோ என்னமோ. அன்னிக்கு நான்தான், நாங்க யாராச்சும் சத்தம் போடறோமான்னு கேட்டேன்.

இப்ப வெளிய வருவா. வந்ததும் மொதல்ல, ஆபீசுக்குப் போனீங்களான்னுதான் கேப்பா. உள்ளதச் சொன்னேன்னு வைங்க, அடுத்த சனிக்கிழமைலருந்து நானும் கோடவுன், அவளும் வீடு, அக்கா வீட்டுல ஆறு பேரு. அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. சரிங்கன்னுருவா. அதுதான்ணே எனக்குப் பயமா இருக்கு. இன்னும் ஒரு சாப்டர் பாக்கி இருக்கு அவளுக்கு. நீங்க ஒரு பொண்ணைப் பெத்தவரு, என்ன பண்ணட்டும், சொல்லுங்க.

மணி அடிச்சுட்டான். கதவத் தொறக்கறாங்க. உங்க மகளா அது, மஞ்சச் சுடிதாரு? இல்லையா. அதோ, அந்த மூணு பேருக்குப் பின்னால, நீலச் சேலை, அவதான். நம்மளைப் பாத்துட்டா. பாருங்க, நடை எப்படி மெதுவாயிருச்சுன்னு. அண்ணே, நான் உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லல, மழையப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தோம்.

வா ஜோதி. இந்தா, பையை எங்கிட்ட குடு. இவரு அண்ணன், மகள் உள்ள படிக்குதாம்.

ஆபீஸா? போனேன். மேடம் லீவு.

இல்ல, வேற யாருகிட்டயும் கேக்கல. ஒரே கூட்டமா இருந்துச்சு, திரும்பி வந்துட்டேன். இதுக்காக இனிமே நான் வர்றதா இல்ல. எனக்கு முடியல.

ஏன் அப்படிப் பாக்கற? ஆர்டர் வர்றப்ப வரட்டும். அது வரைக்கும் நீ சனிக்கிழமை வந்துதான் ஆகணும், வேற வழி இல்ல. எனக்கென்னமோ மார்ச்சு வரைக்கும் அது வராதுன்னுதான் தோணுது.